ஊருக்கு ஒரு பிரதியா, ஆளுக்கு ஒரு பிரதியா? கைபேசிக்கு வீடியோ வந்த கதை

2010 பிப்ரவரி 7. அமெரிக்காவில் சூப்பர் பவுல் நாள். அந்த ஊர் கால்பந்தின் இறுதி ஆட்டம். விளம்பர நேரம் அன்றைக்கு விற்கிற விலைக்கு வருஷத்தில் வேறு எந்த நாளிலும் விற்காது. ஆட்டத்துக்கு நடுவே ஃபுளோ டிவி என்றொரு சேவைக்கு விளம்பரம் வந்தது. சட்டைப்பையில் அடங்குகிற டிவி. போகிற இடமெல்லாம் நேரடி ஒளிபரப்பு பார்க்கலாம் என்றார்கள். அதன்பிறகு முழுசாகப் பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. 2011 மார்ச் 27-ம் தேதி அந்தச் சேவையை இழுத்து மூடிவிட்டார்கள்.

தோற்றுப்போன தொழில்நுட்பங்களைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அவற்றில் எங்கேயாவது ஒரு கணக்கு தப்பியிருக்கும். இதில் அப்படி எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. இன்னும் சொன்னால், இவர்கள் போட்ட கணக்கு இன்றைக்கும் சரிதான். கணக்கு சரியாக இருந்தும் ஏன் தோற்றார்கள், தோற்றதற்கு இன்று யார் விலை கொடுக்கிறோம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்தக் கணக்கு

ஃபுளோ டிவியின் படம் 320க்கு 240 புள்ளிகள். இன்றைய கைபேசித் திரையில் வைத்தால் தபால்தலை மாதிரி ஒரு மூலையில் கிடக்கும். அந்தச் சின்னப் படத்தையே சுருக்காமல் அனுப்பினால் எவ்வளவு ஆகும்? ஒரு படத்துக்கு 76,800 புள்ளிகள். புள்ளிக்கு 12 பிட். நொடிக்கு 30 படம். பெருக்கினால் நொடிக்கு 27.6 மெகாபிட். 2003-ல் வெளிவந்த எச்.264 என்ற சுருக்கும் முறை இதைச் சுமார் 250 கிலோபிட்டுக்குக் கொண்டுவந்துவிடும். கிட்டத்தட்ட நூற்றுப்பத்தில் ஒரு பங்கு!

எப்படிச் சுருக்குகிறது? முந்தின படத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் அனுப்பும். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கிற சுவரை நொடிக்கு முப்பது தடவை அனுப்ப வேண்டாம், இல்லையா? ஆனால் இந்தச் சிக்கனத்திலேயே ஒரு வினையும் இருக்கிறது. ஒவ்வொரு படமும் முந்தின படத்தை நம்பி நிற்பதால், நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் அதற்குப் பின்னால் வருகிற படங்களும் சேர்ந்து கெட்டுப்போகும். முகம் கட்டம் கட்டமாகச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

காற்றில் துண்டுகள் தொலைவது சர்வ சாதாரணம். 2100 மெகாஹெர்ட்ஸ் 3ஜி அலையின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். டவரிலிருந்து நேராக வரும் அலையும், சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒரு இடத்தில் சேர்ந்து வலுக்கும். நாலு விரல் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். கையை லேசாகத் திருப்பினாலே சிக்னல் விழுவதற்குக் காரணம் இது. இதில் ஓடுகிற பஸ், டவர் மாற்றம் எல்லாம் வேறு.

இதோடு இன்டர்நெட்டின் பழைய குணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. டிசிபி என்கிற விதிமுறையின் நெரிசல் கட்டுப்பாடு 1980-களின் கடைசியில், கம்பிவழி இணைப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு அது வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கம்பியில் அது நியாயம். காற்றில், நீங்கள் தூணுக்குப் பின்னால் போனதால் தொலைந்த பொட்டலத்துக்கும் அதே தண்டனை. நெரிசலே இல்லாத நேரத்தில் வேகம் சரியும்.

கடைசியாகப் பங்கீடு. 2007 வாக்கில் 3ஜி-யின் மேம்பட்ட வடிவத்துக்கு நொடிக்கு 3.6 மெகாபிட் என்று விளம்பரம் செய்தார்கள். அது ஒரு ஆளுக்குத் தனியாகக் கிடைப்பது இல்லை. டவரின் ஒரு பக்கத்தில் இருக்கிற எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது. 3.6 மெகாபிட்டை 250 கிலோபிட்டால் வகுத்தால் 14. எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் பதினான்கு பேர் அந்தத் தபால்தலையைப் பார்க்கலாம். பதினைந்தாவது ஆள் வந்தால் எல்லோருக்கும் சிக்கல். அந்தப் பதினான்கு பேரும் ஒரே ஆட்டத்தைப் பார்த்தாலும் டவர் பதினான்கு தனித்தனிப் பிரதிதான் அனுப்பும்.

ஒருவழிப் பாதை

சான் டியேகோவில் இருக்கிற குவால்காம் நிறுவனம் இதைப் பார்த்துத்தான் 2004-ல் மீடியாஃபுளோ திட்டத்தை அறிவித்தது. கைபேசிச் சிப்பு செய்கிறவர்கள். 3ஜி-யின் கொள்ளளவு என்ன என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பெயரில் உள்ள ஃபுளோ என்பது 'ஃபார்வர்ட் லிங்க் ஒன்லி' என்பதன் சுருக்கம். அதாவது ஒருவழிப் பாதை. டவர் பேசும், கைபேசி கேட்கும்; திரும்பிப் பேசாது. நம் பழைய டிவி ஆண்டெனா மாதிரியேதான். பத்து பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் காற்றில் போவது ஒரே பிரதி.

இதற்காக டிவியின் 55-ம் சேனல் இருந்த 716 முதல் 722 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை நாடு முழுவதற்கும் சேர்த்துக் கையில் வைத்திருந்தார்கள். சாதாரண கைபேசி டவரைவிடப் பல மடங்கு சக்தியுள்ள ஒளிபரப்பிகள். ஆகவே குறைந்த டவர்களே ஒரு நகரத்துக்குப் போதும். பேட்டரிப் பிரச்சினைக்கும் வழி வைத்திருந்தார்கள். சேனல்களை நேரத் துணுக்குகளாக வெட்டி அனுப்புவது. கைபேசியின் ரிசீவர் தன் சேனலின் துணுக்கு வரும்போது மட்டும் விழித்து வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். இன்று வாசித்தாலும் அழகான வேலை என்றே தோன்றுகிறது.

2007 மார்ச்சில் வெரைசான் நிறுவனம் இதை எட்டு சேனல்களோடு தொடங்கியது. 2008 மே மாதம் ஏடி அண்ட் டி சேர்ந்துகொண்டது. கட்டணம் தொடக்கத்தில் மாதம் சுமார் 15 டாலர்.

அங்கிருந்துதான் சறுக்கல். முதலாவது, தனிச் சிப்பும் தனி ஆண்டெனாவும் உள்ள போன் வேண்டும். அப்படிப்பட்ட மாடல்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பார்க்க ஆள் இல்லை என்பதால் போன் செய்கிறவர்கள் தயங்கினார்கள். போன் இல்லை என்பதால் ஆள் சேரவில்லை. இரண்டாவது, 55-ம் சேனலில் பல ஊர்களில் பழைய அனலாக் டிவி நிலையங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவை காலி செய்தால்தான் அங்கே இவர்கள் கடை விரிக்க முடியும். நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறும் நாள் 2009 பிப்ரவரி 17 என்று இருந்தது. கடைசி நேரத்தில் அரசு அதை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தது. பாஸ்டன், ஹூஸ்டன், மியாமி போன்ற பெரிய ஊர்கள் அதற்குப் பிறகுதான் திறந்தன.

கைபேசி நிறுவனங்களை நம்பிப் பயனில்லை என்று 2009 கடைசியில் நேரடியாகவே ஒரு கையடக்க டிவியை விற்க ஆரம்பித்தார்கள். எச்டிசி செய்து கொடுத்தது. விலை 249 டாலர் 99 சென்ட். மாதக் கட்டணம் தனி. அதே நேரத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு ஐஃபோன் 199 டாலருக்குக் கிடைத்தது. சூப்பர் பவுல் விளம்பரம் இந்தப் பெட்டியை விற்கத்தான்.

மற்ற நாடுகளில்

இது ஒரு கம்பெனியின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். அந்த வருஷங்களில் உலகமே இந்தப் பக்கம்தான் ஓடியது. தென் கொரியா 2005 டிசம்பரில் இலவசமாகத் தரைவழிக் கைபேசி டிவியைத் தொடங்கியது. இத்தாலியில் 2006 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி டிவிபி-எச் என்ற ஐரோப்பிய முறை வந்தது. 2008-ல் ஐரோப்பிய ஆணையம் அதற்கு ஆதரவாக நின்றது; ஆனாலும் நாடு நாடாக அது படுத்துவிட்டது. தில்லியில் தூர்தர்ஷன்கூட 2007-ல் அதே முறையைச் சோதித்துப் பார்த்தது.

உருப்படியாக ஓடியது ஜப்பானில். அங்கே ஒவ்வொரு டிவி சேனலின் அலைக்கற்றையையும் 13 கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். 12 கூறு வீட்டு டிவிக்கு, ஒரு கூறு கைபேசிக்கு. பெயரே 'ஒன்செக்', ஒரு கூறு. தனி டவர் வேண்டாம், தனி உரிமம் வேண்டாம், கட்டணம் இல்லை. 2006 ஏப்ரல் 1-ல் தொடங்கி, சில வருஷத்தில் அந்த ஊர் போன்களில் பெரும்பாலானவை ஆண்டெனாக் குச்சியோடு வந்தன. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது கைபேசிப் பேச்சு இணைப்புகள் நெரிசலில் திணறின. அந்த நேரத்தில் குச்சியை இழுத்துவிட்டுச் செய்தி பார்க்க முடிந்தது. ஆளுக்கு ஒரு பிரதி என்ற முறையில் அது நடந்திருக்காது.

ஆனால் ஜப்பானிலும் கதை அதே பக்கம்தான் திரும்பியது. 2008-ல் அங்கே விற்பனைக்கு வந்த ஐஃபோனில் ஒன்செக் கிடையாது. சாஃப்ட்பேங்க் நிறுவனம் ஐஃபோனுக்கென்று தனியாக ஒரு பெட்டி விற்றது. அது டிவி சிக்னலைப் பிடித்து வைஃபை மூலம் போனுக்கு அனுப்பும், பேட்டரியும் ஏற்றும்! உலகம் முழுக்க ஒரே மாடல் விற்கிற கம்பெனி ஒரு நாட்டுக்காகச் சிப்பு சேர்க்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு உள்ளூர்க் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

துண்டு துண்டாக வெட்டினவர்கள்

இன்னொரு பாதையில் யாரும் டவர் கட்டவில்லை. 2007 ஜூன் கடைசியில் முதல் ஐஃபோன் வந்தபோது அதில் ஃபிளாஷ் ஓடாது. அதனால் யூடியூப் தன் வீடியோக்களை எச்.264-க்கு மாற்ற ஆரம்பித்தது. 2009 ஜூனில் ஐஃபோனின் மூன்றாம் பதிப்பு மென்பொருளோடு எச்எல்எஸ் என்ற முறையை ஆப்பிள் கொண்டுவந்தது.

இதன் யோசனை ரொம்ப எளிமை. வீடியோவை ஏறத்தாழ 10 நொடித் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் நல்ல தரம், நடுத்தரம், மட்டம் என்று பல அளவில் செய்து வை. துண்டுகளின் பட்டியலை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுது. எம்பி3 பாட்டு கேட்கிறவர்கள் வைத்திருந்த பழைய பாட்டுப்பட்டியல் கோப்பின் வடிவத்தையே இதற்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றதைக் கைபேசி பார்த்துக்கொள்ளும். போன துண்டு எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று அதுவே முடிவு செய்யும். பஸ் பாலத்துக்கு அடியில் போனால் படம் மங்கும், வெளியே வந்தால் தெளியும். வீடியோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் போதும்.

இதே யோசனையை மைக்ரோசாஃப்ட் போன்ற மற்றவர்களும் அந்தக் காலத்தில் செய்தார்கள். 2012-ல் டாஷ் என்று ஒரு பொதுத் தரமும் வந்தது. ஆப்பிளிடம் இருந்தது கட்டாயப்படுத்தும் சக்தி. மொபைல் நெட்வொர்க்கில் பத்து நிமிஷத்துக்கு மேல் வீடியோ அனுப்புகிற ஆப் இந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதிலும் 64 கிலோபிட்டில் ஓடும் ஒரு அளவு கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. 64 கிலோபிட்டில் படம் எங்கே வரும்? வெறும் சத்தம் மட்டும் போகலாம். படம் செத்தாலும் குரல் சாகக் கூடாது!

துண்டுகள் சாதாரண இணையப் பக்கம் போகிற அதே வழியில் போகும். தனி சர்வர் வேண்டாம். ஊர் ஊராக நகல் வைத்திருக்கும் இடைநிலை சர்வர்களில் துண்டுகளைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். புதுச் சிப்பு வேண்டாம், ஆண்டெனா வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஃபுளோ டிவிக்கு எதெல்லாம் முட்டுக்கட்டையோ அது எதுவும் இங்கே இல்லை.

குறை இருக்கிறது. மூன்று துண்டு கையில் சேர்ந்தபிறகு ஓட்டுவது வழக்கம். பத்துப் பத்து நொடி என்றால் அரை நிமிஷத் தாமதம். எதிர்வீட்டு டிவியில் சிக்ஸருக்குக் கைதட்டல் கேட்கும்போது நம் போனில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். இன்று துண்டுகள் சிறிதாகிவிட்டன, ஆனாலும் தாமதம் முழுசாகப் போகவில்லை.

முக்கியமான குறை வேறு. பதினான்கு பேர் கணக்கு இருக்கிறதே, அதை இந்த முறை தொடவே இல்லை. டவரிலிருந்து காற்றில் ஆளுக்கு ஒரு பிரதிதான். கூட்டம் சேர்ந்தால் எல்லோருக்கும் மங்கும், அவ்வளவுதான். நெரிசலைத் தீர்க்காமல், நெரிசலோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுத்தது.

அந்த நேரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காரணம், மக்கள் கேட்டது வேறு. எட்டு சேனலில் இந்த நேரத்துக்கு என்ன ஓடுகிறதோ அதை யாரும் கேட்கவில்லை. அவரவருக்குப் பிடித்ததை, அவரவர் நேரத்தில் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு விருப்பம் என்றால் ஊருக்கு ஒரு பிரதி உதவாது. அதோடு பாதி நேரம் வீட்டு வைஃபையில் பார்த்தார்கள். டவருக்குச் சுமையே இல்லை.

15 டாலருக்கு என்ன கிடைத்தது

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு. 2010 ஜூனில் ஏடி அண்ட் டி புதிய வாடிக்கையாளர்களுக்கு வரம்பில்லா டேட்டாவை நிறுத்தியது. புதுத் திட்டங்களில் சிறியது 15 டாலருக்கு 200 மெகாபைட். ஃபுளோவின் 250 கிலோபிட் வீடியோவை இதில் பார்த்தால் 1 மணி 47 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒருவழிப் பாதையில் ஏறத்தாழ அதே காசுக்கு மாதம் முழுக்கப் பார்க்கலாம். விலையிலும் அவர்கள் கணக்கு சரிதான். இருந்தும் மக்கள் 200 மெகாபைட்டின் பக்கம் போனார்கள். அதில் மெயிலும் வரைபடமும் அரட்டையும் சேர்ந்து வந்தன. டிவி அதில் ஒரு ஓரம்.

2010 டிசம்பரில் குவால்காம் தன் அலைக்கற்றையை ஏடி அண்ட் டி-க்கு 192.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. சேவை தோற்றது, நிலம் நல்ல விலைக்குப் போனது. வாங்கினவர்கள் அதை எதற்கு வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? 4ஜி-யில் இறக்க மட்டுமேயான கூடுதல் பாதையாக. இன்னமும் அது ஒருவழிப் பாதைதான். ஊருக்கு ஒரு பிரதி போன இடத்தில் ஆளுக்கு ஒரு பிரதி போகிறது.

பில் வந்தது

பல வருஷம் இந்தப் பழைய கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 4ஜி வந்தது. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டேட்டா மலிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்கூட, 2014 டிசம்பரில், யூடியூப் இந்தியாவில் வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கிரிக்கெட். 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். 2023 நவம்பர் 19 இறுதி ஆட்டத்தில் 5.9 கோடி. கைபேசியில் அந்தத் தொடர் இலவசம் வேறு. ஆளுக்கு ஒரு மெகாபிட் என்று குறைவாக வைத்தாலும் நொடிக்கு 59 டெராபிட். எல்லாம் ஒரே ஆட்டம், ஒரே பந்து, 5.9 கோடிப் பிரதி.

கூட்டம் வருவதைவிடக் கலைவதும் சிக்கல். முக்கியமான ஆட்டக்காரர் அவுட்டானால் லட்சக்கணக்கான பேர் ஒரே நொடியில் பின்செல்லும் பட்டனை அழுத்துவார்கள். எல்லோருக்கும் முகப்புப் பக்கம் திறக்கும். வீடியோ சர்வரிலிருந்து சுமை அப்படியே முகப்புப் பக்கத்தின் தலையில் விழும். 2019-ல் தோனி ரன் அவுட் ஆனபோது இதைத்தான் அவர்கள் சமாளிக்க வேண்டியிருந்தது. பழைய ஆண்டெனா டிவிக்கு இப்படி ஒரு கவலையே கிடையாது. யார் அணைத்தார்கள் என்றே அதற்குத் தெரியாது.

4ஜி-க்குள்ளேயே ஒளிபரப்பு வசதியைச் சேர்க்கவும் பார்த்தார்கள். கொரியாவின் கேடி நிறுவனம் 2014-ல் தொடங்கியது. போனில் ஆதரவு வேண்டுமே! அதே கோழி, அதே முட்டை.

மறுபடியும் அதே இடம்

இப்போது இந்தியாவில் 'டி2எம்' என்று ஒரு பேச்சு. சிம்மும் டேட்டாவும் இல்லாமல் நேரே கைபேசிக்கு டிவி. பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் இதில் இறங்கியிருக்கின்றன. இதற்கென்று 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கும் யோசனையும் 19 நகரங்களில் சோதனை நடத்தும் திட்டமும் 2024 ஜனவரியில் சொல்லப்பட்டன. படித்ததும் எனக்கு 55-ம் சேனல்தான் ஞாபகம் வந்தது.

போனில் இதற்குத் தனிச் சிப்பு வேண்டும். அதனால் ஒரு போனுக்கு 30 டாலர் வரை விலை கூடும் என்று 2023 கடைசியில் சில நிறுவனங்கள் அரசுக்கு எழுதியதாகச் செய்தி வந்தது. எழுதியவர்களில் சாம்சங் இருந்தது, எரிக்சன், நோக்கியா இருந்தன. குவால்காமும் இருந்தது. ஊருக்கு ஒரு பிரதி போதும் என்று டவர் கட்டி, சூப்பர் பவுலில் விளம்பரம் செய்த அதே குவால்காம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சிப்பும் போனும் டவரும் ஒன்றுக்கொன்று காத்து நின்ற அந்தக் கதையில் நேரடியாக அடி வாங்கினவர்கள் அவர்கள்தான்.

டி2எம் வருமா வராதா என்று ஆரூடம் சொல்ல எனக்குத் தெரியாது. யோசிக்க வேண்டியது இன்னொன்று என்று படுகிறது. ஆளுக்கு ஒரு பிரதி முறையில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள். நேரடியாக டேட்டா பேக்கில், இல்லாவிட்டால் விளம்பரத்தில். புயலில் டவர் விழுந்த ராத்திரியில், ரீசார்ஜ் தீர்ந்த மாசக் கடைசியில், அந்தப் பிரதி வராது. ஜப்பானில் அந்த மார்ச் மாதம் குச்சியை இழுத்தவர்களுக்கு வந்தது. விருப்பப்பட்டதைப் பார்க்க ஆளுக்கு ஒரு பிரதியை விட்டால் வேறு வழி இல்லை என்பதை ஃபுளோ டிவியின் தோல்வி காட்டிவிட்டது. எல்லோருக்கும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு மட்டுமாவது ஒருவழிப் பாதை ஒன்றைப் போனில் விட்டுவைத்திருக்கலாம் என்று ஒன்செக் காட்டியது. முதல் பாடத்தை எல்லோரும் படித்துவிட்டார்கள். இரண்டாவது இன்னும் பாக்கி இருக்கிறது.